அந்தப் பழைய போனை விற்றுவிடாதீர்கள்

கேள்வி:

ஐயா, திருப்பூரில் 12 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறேன். ஒரு பார்ட்டிக்குப் போன வருடம் டி-ஷர்ட் தைத்துக் கொடுத்த வகையில் 3,80,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. ஆர்டர் சொன்னது, பீஸ் ரேட் பேசியது, சரக்கு போய்ச் சேர்ந்ததும் அவர் ‘கவுண்ட் ஓகே’ என்று போட்டது, பிறகு மாதக்கணக்கில் ‘அக்கா, அடுத்த வெள்ளிக்குள்ள போட்டுடறேன்’ என்று வாய்ஸ் நோட் அனுப்பியது எல்லாமே வாட்ஸ்அப்பில்தான். பில் போட்டுப் பழக்கமில்லை. டெலிவரி சலான் சிலது தேடினால் கிடைக்கும். இப்போது அவர் போனை எடுப்பதே இல்லை.

வழக்குப் போட வக்கீலைப் பார்த்தோம். மகன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கலர் பிரிண்ட் போட்டு, வாய்ஸ் நோட்டுகளை வக்கீலுக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டான். இது மட்டும் போதாது, சான்றிதழ் வேண்டும், அதில் ‘ஷா’ என்று ஏதோ ஒரு நீளமான எண் எழுத வேண்டும், நிபுணர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார் வக்கீல். வாட்ஸ்அப் கம்பெனியிடமே கேட்டு வாங்கிவிட முடியாதா? அவர் பேசிய ஒரு காலை அவருக்குத் தெரியாமல் ரெகார்டு செய்தேன். அதைக் கொடுத்தால் என் மேலேயே கேஸ் வருமா? என் போனில் திரை உடைந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதிது வாங்கலாம் என்றிருக்கிறோம். அதற்குள் வேறு என்ன எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள் அம்மா. நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்கிறேன். மற்ற எதைத் தவறவிட்டாலும் பிறகு சரிக்கட்ட ஏதாவது வழி இருக்கும். அந்தப் போன் கைமாறி, உள்ளே இருப்பது அழிந்துபோனால் வழி இல்லை.

திரையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ரீசெட் செய்யக் கூடாது என்று கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, வேலை முடியும்வரை கூடவே உட்கார்ந்திருங்கள். புதிய போன் வாங்குவதாக இருந்தாலும் பழையதில் உள்ள வாட்ஸ்அப் கணக்கை அதற்கு மாற்ற வேண்டாம். அதே எண்ணைப் புதிய போனில் பதிந்தால் பழைய போனிலிருந்து கணக்கு வெளியேறிவிடும். புதியதை ‘லிங்க்டு டிவைஸ்’ ஆகச் சேர்த்தால் இரண்டிலும் ஓடும். அந்த உரையாடலில் மறையும் செய்திகள் வசதி போடப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்து, இருந்தால் அணைத்துவிடுங்கள். வழக்கு என்றதும் அவர் பழைய செய்திகளை உங்கள் போனிலிருந்தும் நீக்கிவிடுவாரோ என்ற பயம் வேண்டாம். எல்லோருக்கும் நீக்கும் வசதி, ஒரு செய்தி அனுப்பியதிலிருந்து இரண்டு நாளைக்குச் சற்று மேல் வரைதான் வேலை செய்யும்.

இனி, பிரிண்ட் ஏன் போதாது என்பதற்கு வருகிறேன். உங்கள் வழக்கில் ஆவணம் என்பது போனுக்குள் இருக்கும் தரவு. ஸ்கிரீன்ஷாட் அந்தத் தரவைத் திரையில் காட்டியதன் படம். பிரிண்ட் அந்தப் படத்தின் நகல். மகன் எடுத்த பக்கங்களில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே என்ன பெயர் இருக்கிறது? நீங்கள் போனில் பதிந்துவைத்த பெயர்தானே? அந்த இடத்தில் யார் எந்தப் பெயரை வேண்டுமானாலும் பதியலாம். என் மருமகனின் எண்ணை உங்கள் பார்ட்டியின் பெயரில் சேமித்துக்கொண்டு, அவனையே ‘பணம் தந்துவிடுகிறேன்’ என்று எழுதவைத்துப் படம் எடுத்தால், பார்க்க உங்கள் பிரிண்ட் மாதிரியேதான் இருக்கும். பொய் உரையாடல் தயாரித்துக் கொடுக்கும் செயலிகளும் உண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான். பிரிண்டில் எண்ணே தெரியாவிட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

வாய்ஸ் நோட் விஷயம் இன்னும் மோசம். ஃபார்வர்ட் செய்தால் ஒலி போய்ச் சேரும். அதை யார் அனுப்பினார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்பது போய்ச் சேராது. வக்கீலின் போனில் அது உங்கள் மகன் இன்றைக்கு அனுப்பிய ஒலியாகத்தான் கிடக்கும். அந்தக் குரல் ‘அடுத்த வெள்ளி’ என்கிறதே, எந்த மாதத்து வெள்ளி? அதைச் சொல்லக்கூடியது உங்கள் போனில் இருக்கும் அசல் உரையாடல் மட்டும்தான். புகைப்படங்களும் அப்படியே. சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடுகிறது. படம் எடுத்த நேரம், கேமரா பற்றிய உள்விவரங்களும் உதிர்ந்துபோகின்றன. தைத்து அடுக்கிய சரக்கை நீங்கள் எடுத்த படங்கள் கேலரியில் அசலாக இருக்கும். அவற்றைத் தொடாமல் வைத்திருங்கள். யாருக்காவது அனுப்ப வேண்டியிருந்தால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள்.

நகலை நம்புவதா, எப்படி நம்புவது என்பதில் நம் நீதிமன்றங்களே பல ஆண்டுகள் தடுமாறியிருக்கின்றன. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆவணத்துக்கென்று 65பி என்ற பிரிவைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 சேர்த்தது. கணினியிலிருந்து எடுத்த நகலைக் கொடுத்தால், அந்தக் கணினிக்குப் பொறுப்பானவர் சான்றிதழ் தர வேண்டும் என்றது அது. நம் சென்னையில் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். யாகூ குழுவில் ஒரு பெண்ணை இழிவுபடுத்தி எழுதியவருக்கு, இப்படிச் சான்றிதழோடு வந்த நகலை ஏற்று, 2004இல் எழும்பூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. இணைய ஆபாசத்துக்கான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் நாட்டின் முதல் தண்டனையாக அறியப்படும் வழக்கு அது. புகார் வந்த சில மாதங்களிலேயே தீர்ப்பும் வந்தது. ஆனால் அதற்கு அடுத்த ஆண்டே, நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் செல்போன் அழைப்புப் பட்டியலை ஏற்ற உச்ச நீதிமன்றம், 65பி சான்றிதழ் இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்று சொல்லிவிட்டது. 9 ஆண்டு காலம் நாடு முழுக்க அதுவே வழக்கமாயிற்று. 2014 செப்டம்பரில், கேரளத்துத் தேர்தல் வழக்கான அன்வர் வழக்கில், 3 நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. பிரசாரப் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து, கணினியில் ஏற்றி, சிடி போட்டுக் கொடுத்திருந்தார்கள். சான்றிதழ் இல்லாததால் அந்தச் சிடிகள் ஏற்கப்படவில்லை. 2018இல் இன்னொரு அமர்வு, கருவி தன் கையில் இல்லாதவருக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை என்று தளர்த்தியது. யார் சொன்னதைப் பின்பற்றுவது?

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதி வழக்கு. 2014 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வெறும் 296 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவருடைய வேட்புமனு செப்டம்பர் 27 பிற்பகல் 3 மணி கெடு தாண்டிய பிறகே கொடுக்கப்பட்டது என்று தோற்றவர் வழக்குப் போட்டார். தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் எடுத்த வீடியோதான் பிடிமானம். கேமரா அரசாங்கத்துடையது. வழக்குப் போட்டவர் சான்றிதழ் கேட்டு நடையாய் நடந்தும் அதிகாரிகள் கொடுக்கவில்லை. 2020 ஜூலை 14 அன்று நீதிபதி நாரிமன் தலைமையிலான அமர்வு சொன்னது இது: நகலைக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம். கொடுக்க வேண்டியவர் மறுத்தால் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அவரைக் கொடுக்கவைக்கலாம். அவ்வளவும் செய்தும் கிடைக்கவில்லை என்றால், முடியாததைச் செய் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாகத் தொடங்கிய வி. ராமசுப்பிரமணியன் அந்த அமர்வில் இருந்து, இந்தச் சட்டம் வளர்ந்த கதையைத் தனியாக எழுதியிருக்கிறார்.

உங்களுக்கு வேண்டியது அந்தத் தீர்ப்பில் இன்னொரு இடத்தில் இருக்கிறது. லேப்டாப்போ டேப்லெட்டோ மொபைல் போனோ, அதன் சொந்தக்காரரே சாட்சிக் கூண்டில் ஏறி, இது என்னுடையது, நான்தான் பயன்படுத்துகிறேன் என்று நிரூபித்து அதையே தாக்கல் செய்தால், அது அசல். சான்றிதழ் வேண்டியதில்லை. பழைய சட்டத்தின் மேல் சொன்ன தீர்ப்புதான். ஆனால் நகலுக்குத்தான் சான்றிதழ் என்ற அடிப்படை 2024 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் மாறவில்லை. போனை விற்காதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் போனையே கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கலாம். ஆனால் வழக்கு முடியும்வரை அது கோர்ட் காவலில் இருக்கும். சார்ஜ் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் பேட்டரி உப்பும், போன் எழாமல் போகும். உங்கள் தொழிலின் மற்ற பேச்சுகளும் குடும்பப் படங்களும் அதற்குள் இருக்கின்றன. அதனால் நான் சொல்வது: நகலைச் சான்றிதழோடு தாக்கல் செய்யுங்கள். கேட்டால் காட்ட அசலைத் தயாராக வைத்திருங்கள்.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடப்பில் இருக்கிறது. 65பி இப்போது 63ஆம் பிரிவு. சான்றிதழுக்கு அச்சிட்ட மாதிரிப் படிவமே சட்டத்தின் அட்டவணையில் சேர்ந்துவிட்டது. ஏ பகுதி நீங்கள் நிரப்புவது. எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று டிக் போட வேண்டும்: கணினி, டிவிஆர், மொபைல், பென் டிரைவ், சர்வர், கிளவுட் என்று வரிசை இருக்கும். பிறகு கம்பெனி, மாடல், நிறம், சீரியல் எண், ஐஎம்இஐ எண். போன் உங்களுடையதா, நீங்கள் நிர்வகிப்பதா, இயக்குவதா என்பதற்கும் டிக் உண்டு. அந்தக் காலத்தில் போன் ஒழுங்காக வேலை செய்தது என்றும் உறுதி சொல்ல வேண்டும். திரை உடைந்தது எப்போது என்று இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள், குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். ஐஎம்இஐ தெரிய டயல் செய்யும் இடத்தில் *#06# அடித்தால் போதும்.

வக்கீல் சொன்ன ‘ஷா’ இந்தப் படிவத்தில் வருவது. அதைப் பார்த்து மிரள வேண்டாம். எந்தக் கோப்பையும், அது ஒரு வரி எழுத்தானாலும் 2 மணி நேர வீடியோவானாலும், ஒரு கணக்கு முறைக்குள் விட்டால் குறிப்பிட்ட நீளத்தில் ஒரு சரம் வெளியே வரும். அதுதான் ஹேஷ் மதிப்பு. ஷா-256 என்ற முறையில் அது 64 இடம் கொண்டது; 0 முதல் 9 வரையிலான எண்களும் ஆங்கிலத்தின் முதல் 6 எழுத்துகளும் கலந்து வரும். அதே கோப்பை எந்த ஊரில், எந்தக் கணினியில் போட்டாலும் அதே 64 வரும். கோப்பில் ஒரு புள்ளியை அழித்துவிட்டுப் போட்டுப் பாருங்கள், அடையாளமே தெரியாத வேறு சரம் வரும். மாற்றம் சின்னது என்பதற்காக விடையும் கொஞ்சமாக மாறுவதில்லை. இந்தக் குணம்தான் நீதிமன்றத்துக்கு வேண்டியது. இன்று நீங்கள் கொடுத்த பென் டிரைவை 4 ஆண்டு கழித்து எதிர்த்தரப்பு ‘இதில் திருத்தியிருக்கிறார்கள்’ என்று சொன்னால், அங்கேயே மறுபடி கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். விண்டோஸ் கணினியிலேயே இதற்கான கட்டளை இருக்கிறது. காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

படிவம் ஷா-1, ஷா-256, எம்டி5 என்ற மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்கிறது, வேறு முறைக்கும் இடம் விடுகிறது. நீங்கள் ஷா-256 மட்டும் எழுதுங்கள். எம்டி5 முறையில் இரண்டு வேறு கோப்புகளுக்கு ஒரே விடை வரவைக்க முடியும் என்று சீன ஆய்வாளர் சியாவ்யுன் வாங் குழு 2004இலேயே காட்டிவிட்டது. ஷா-1 முறையில் அதையே 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வகமும் இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வைத்துச் செய்து காட்டின. அப்படி உடைந்த முறைகளை 2023இல் எழுதிய சட்டம் ஏன் படிவத்தில் வைத்திருக்கிறது என்று எனக்கு வருத்தம்தான். யாரோ ஒருவர் வழக்கில் அது வினையாக வந்து நிற்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஹேஷ் மதிப்பு எடுத்த நிமிடத்திலிருந்து கோப்பு மாறவில்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. அதற்கு முன்னால் நடந்தது அதற்குத் தெரியாது. பொய்யாகத் தயாரித்த ஸ்கிரீன்ஷாட்டுக்கும் அருமையான 64 எழுத்துச் சரம் வரும். மகன் எடுத்த படங்களுக்கே ஹேஷ் போட்டுக் கொடுத்தால் படிவம் நிறையும், சந்தேகம் அப்படியே நிற்கும். வாட்ஸ்அப்பில் உள்ள ‘எக்ஸ்போர்ட் சாட்’ பரவாயில்லை. முழு உரையாடலையும் தேதி, நேரத்தோடு எழுத்துக் கோப்பாகவும், வாய்ஸ் நோட்டுகளை ஒலிக் கோப்புகளாகவும் எடுத்துத் தரும். அதையும் இன்றைக்கே எடுத்துவையுங்கள். ஆனால் அந்த எழுத்துக் கோப்பையும் யாரும் நோட்பேடில் திறந்து திருத்தலாம். தடய ஆய்வுக்காரர் போனிலிருந்து நேரடியாகத் தரவை எடுத்து, எடுத்த கணத்திலேயே ஹேஷ் போட்டுத் தருவதுதான் பலமானது.

அந்த நிபுணர் யார்? படிவத்தின் பி பகுதியில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். 63ஆம் பிரிவு நிபுணர் என்று சொல்லிவிட்டு, யார் என்று விளக்காமல் விட்டுவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஏ பிரிவில் மத்திய அரசு அறிவிக்கும் மின்னணுச் சான்று ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அரசு ஆய்வகங்கள். 2024 அக்டோபரில் கணவன் மனைவி வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இந்தக் குறையைக் கவனித்து, போதிய எண்ணிக்கையில் ஆய்வாளர்களை அறிவிக்கும்படி மத்திய அரசுக்குச் சொன்னார். 3,80,000 ரூபாய்க்குக் கோர்ட் கட்டணமும் கட்டி, வக்கீலுக்கும் கொடுத்து, நிபுணருக்கும் கொடுக்க வேண்டும் என்றால் சின்னத் தொழில் செய்பவர் எங்கே போவார்? வசதி உள்ளவருக்கு இது ஒரு படிவம், உங்களுக்கு இது சுமை. மாவட்டத்துக்கு ஒருவராவது அரசு செலவில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை, கணினித் தடயவியல் படித்து, நாளை சாட்சிக் கூண்டில் ஏறிப் பதில் சொல்லத் தயாராக உள்ளவராகப் பாருங்கள். தெருமுனை செல்போன் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்காதீர்கள்.

வாட்ஸ்அப் நிறுவனத்திடம் கேட்பதில் பலனில்லை. 2016 முதல் உரையாடல்கள் இரு முனைக்கும் இடையே பூட்டப்பட்டவை. போய்ச் சேர்ந்த செய்தியை நிறுவனம் தன் சர்வரில் வைத்துக்கொள்வதும் இல்லை. ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று 2021இல் மத்திய அரசு விதி போட்டதை எதிர்த்து நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. அந்த வாதம் சூடுபிடித்ததே சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். ஐஐடி பேராசிரியர் காமகோடி 2019இல் அங்கே ஒரு வழிமுறையை எழுதிக் கொடுத்தார். அதெல்லாம் பெரிய சண்டை. உங்கள் வழக்குக்குத் தேவையானது வேறு: அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்பது. அதைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து நீதிமன்றம் மூலம் வரவழைக்க முடியும்.

ரெகார்டு செய்த கால் பற்றி: நீங்களே பேசிய பேச்சைத்தான் பதிந்திருக்கிறீர்கள். உரையாடலில் ஒரு தரப்பின் சம்மதத்தோடு பதிந்ததை ஏற்கலாம் என்று 1972இலேயே மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலே சொன்ன மதுரை வழக்கு வேறு மாதிரி. அங்கே கணவன் மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்திருந்தார். அந்தரங்க உரிமை மீறல் என்று நீதிமன்றம் அதை ஒதுக்கியது. பிறகு 2025 ஜூலையில், துணைவரோடு தானே பேசியதை ரகசியமாகப் பதிந்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாக்கி கேட்டுப் பேசிய காலுக்காக நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. அந்த ஒலிக் கோப்பை வெட்டாமல், பெயர்கூட மாற்றாமல் அப்படியே வையுங்கள். இதற்கும் அதே சான்றிதழ்தான்.

சான்றிதழ் கிடைத்ததும் வழக்கு ஜெயித்தது போல் நினைத்துவிட வேண்டாம். ஆவணம் உள்ளே வர அது அனுமதி தருகிறது. உள்ளே வந்த பிறகு, அந்த எண்ணில் எழுதியது அவர்தானா, பாக்கி இவ்வளவுதானா என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஜால்னா வழக்கிலேயே வீடியோவுக்கு அப்பால் மற்ற சாட்சியங்களும் வேட்புமனு தாமதம் என்பதைக் காட்டியதால்தான் கடைசியில் அந்தத் தேர்தல் ரத்தானது நிலைத்தது. அதனால் அந்தச் சலான்களைத் தேடுங்கள். பண்டல் ஏற்றிப் போன வண்டிக்காரர் யார்? ‘கவுண்ட் ஓகே’ வந்த நாளும் சலானில் உள்ள தேதியும் பொருந்துகிறதா? இடையில் அவர் ஜிபேயில் அனுப்பிய தொகை ஏதாவது உண்டா? இருந்தால் வங்கிக் கணக்கு அறிக்கையை வங்கியின் சான்றோடு வாங்குங்கள். அவருடைய எண்ணிலிருந்து பணம் வந்தது என்று வங்கியே சொல்லும்போது, அந்த எண்ணில் எழுதியது யாரோ என்று அவர் கை விரிப்பது கடினம்.

வழக்குக்கு முன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பும்போது, எந்தெந்தத் தேதியில் அவர் என்ன எழுதினார் என்பதை வார்த்தைக்கு வார்த்தை அதில் போடச் சொல்லுங்கள். பலர் பதிலில் ‘கொடுக்க வேண்டியது அவ்வளவு இல்லை, இவ்வளவுதான்’ என்றோ, ‘தையலில் டேமேஜ் இருந்தது’ என்றோ எழுதுவார்கள். அப்படி எழுதினால் ஆர்டர் கொடுத்ததையும் சரக்கு வாங்கியதையும் அவரே ஒப்புக்கொண்டதாகிறது. ஒப்புக்கொண்டதை நீங்கள் மறுபடி நிரூபிக்க வேண்டியதில்லை. சண்டை தொகையைப் பற்றியதாகச் சுருங்கிவிடும்.

காலக்கெடுவையும் கவனியுங்கள். பணம் தர நாள் குறிக்காத வேலைக்கு, வேலை முடித்த நாளிலிருந்து 3 ஆண்டு. போன வருடத்துச் சரக்கு என்பதால் நேரம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு லாட்டுக்கும் தேதி தனித்தனியாக ஓடும். சரக்கு கொடுத்த காலத்தில் உங்களுக்கு உத்யம் பதிவு இருந்ததா என்பதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். இருந்திருந்தால், 2006ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் தாமதித்த பணத்துக்கு, ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் 3 மடங்கு கூட்டு வட்டி கேட்டு, சிறு தொழில்களின் பாக்கியை விசாரிக்கும் வசதி மன்றத்துக்குப் போகும் வழியும் உங்களுக்கு உண்டு. அங்கேயும் இதே போன், இதே சலான்கள் தேவைப்படும்.